ருக்வத் மேஜையில் அக்காவின் விரிப்பு

எனக்குக் குரோஷா ஊசிப் பின்னல் தெரியும் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். எனக்கு வருவதெல்லாம் ஒரு சங்கிலி, அதன் மேல் ஒரு வரிசை, அதன் மேல் இன்னொரு வரிசை. இதை வைத்துக்கொண்டே டம்ளருக்கு அடியில் போடும் வட்டம், தண்ணீர் பாட்டிலுக்கு உறை, மொபைலுக்குப் பை என்று எதையாவது பின்னிக்கொண்டிருப்பேன். பம்பாயில், சயானில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. வலிக்கிறவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முகத்தையே எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? மேஜைக்குக் கீழே கை அது பாட்டுக்கு வேலை செய்யும். வீட்டில் இருக்கிற டம்ளர்களைவிட வட்டங்கள் அதிகமாகிவிட்டன என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அக்கா கை அப்படியில்லை. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், விரல் விஷயத்தில் மட்டும் கடவுள் ஓரவஞ்சனை செய்துவிட்டான். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் அவள் தனியாக இருந்தாள். கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே அத்தான் ஒரு விபத்தில் போய்விட்டார். குழந்தை இல்லை. ஊருக்கே வந்துவிடு என்று கூப்பிட்டவர்களிடம், "அங்க வந்து ஆளாளுக்கு வாயில விழுததுக்கு இங்கயே கெடக்கேன்" என்று சொல்லிவிட்டாள். நான் கிளினிக்குக்குப் போக, என் வீட்டுக்காரர் தாராவியில் தோல் பை பட்டறைக்குப் போக, எங்கள் ஒரே மகளை வளர்த்தது அக்காதான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பெரியம்மா வீடு, சாப்பாடு பெரியம்மா வீடு, காய்ச்சல் வந்தாலும் பெரியம்மா மடி. ராத்திரி தூங்க மட்டும் எங்களிடம் வருவாள். அதற்கும் சில நாள் அழுவாள்.

அக்கா ஒருமுறை தாதருக்குப் போய் வெள்ளைப் பருத்தி நூல் வாங்கிவந்து, பெரிய வட்ட விரிப்பு ஒன்றை ஆரம்பித்தாள். நடுவில் ஒரு பூ, அதைச் சுற்றி இலைகள், அதற்கு வெளியே அன்னாசிப் பழ வடிவம், ஓரத்தில் சிப்பி சிப்பியாக விளிம்பு. சாப்பாட்டு மேஜைக்குப் போடுகிற விரிப்பாம். எங்கள் யார் வீட்டிலும் சாப்பாட்டு மேஜை கிடையாது. தரையில் பாயை உதறிப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிற ஜனம் நாங்கள்.

"ஏக்கா, டேபிளே இல்லாத வீட்டுக்கு டேபிள் விரிப்பா?" என்று கேட்டேன்.

"டேபிள் வாங்குதது உன் வீட்டுக்காரரு பொறுப்பு. விரிப்பு என் பொறுப்பு. எது முதல்ல வருதுன்னு பாப்போம்ட்டி."

விரிப்புதான் முதலில் வந்தது. என் கையில் கொடுத்து, "கசக்கிப் போடாம வையி" என்றாள். அலமாரியில், என் கூறைப்புடவைக்கு மேலே வைத்தேன். அது என்னிடம் இருந்ததால்தான் தப்பித்தது. கொரோனா வந்தபோது அக்கா ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாள். திரும்பி வரவில்லை. முகத்தைப் பார்க்கிற கொடுப்பினைகூட எங்களுக்கு இல்லை. அவள் வீட்டில் கிடந்த பாய், தலையணை, சேலை, பின்னி வைத்திருந்த சின்னச் சின்ன சாமான்கள் எல்லாவற்றையும் தொற்று பயத்தில் மூட்டை கட்டி அப்புறப்படுத்திவிட்டோம். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பயம் அப்படி. அதன் பிறகு அவள் கைபட்டது என்று எங்களிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரே விரிப்புதான். சில மத்தியானங்களில் அதை எடுத்து விரித்துப் பார்ப்பேன், மகள் இல்லாத நேரமாகப் பார்த்து. அவளும் நான் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும், மடிப்பு மாறியிருக்கும்.

மகள் படித்து முடித்துத் தாதரில் ஒரு ஆபீஸில் சேர்ந்தாள். கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். மராட்டிப் பையன், செம்பூரில் வீடு. என் வீட்டுக்காரர் சில நாள் உம்மென்று இருந்தார். அப்புறம் அந்தப் பையனோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஆண்கள் சமாதானம் ஆவது அவ்வளவு சுலபம். எனக்குத்தான் சம்பந்தியம்மாள் எப்படி இருப்பாரோ என்று கவலை.

போய்ப் பார்த்தால் நல்ல மனுஷி. சிரித்த முகம், கையைப் பிடித்துக்கொண்டே பேசுகிற பழக்கம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மராட்டி அரைகுறை. அதனால் இரண்டு பேருக்கும் நடுவில் பம்பாய் ஹிந்தி ஓடியது. பேச்சுவாக்கில் அவர்தான் ருக்வத் என்று ஒன்று இருப்பதைச் சொன்னார். பெண் வீட்டார் கையால் செய்த அலங்காரப் பொருள்களையும் பலகாரங்களையும் கல்யாண மண்டபத்தில் மேஜை போட்டுப் பரப்பி வைக்க வேண்டுமாம். பெண்ணின் கைத்திறமை என்ன என்று வருகிறவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்களாம்.

"கட்டாயம் இல்ல. முடிஞ்சா வைங்க" என்றார்.

கட்டாயம் இல்லை என்று சம்பந்தி சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அந்த நிமிஷமே மனசுக்குள் மேஜை போட்டுவிட்டேன்.

அப்புறம் அவர் கேட்டார். "உங்க பக்கம் பொண்ணு வீட்டுலேருந்து என்ன கொண்டுவருவாங்க? நாங்க அதை என்ன செய்யணும்? முறை தெரியாம ஏதாவது தப்புப் பண்ணிடக் கூடாது பாருங்க."

எவ்வளவு மரியாதையாகக் கேட்டார்! எனக்கோ எங்கள் ஊர்ப் பெருமையைப் பேசக் கிடைத்த சந்தர்ப்பம். விடுவேனா?

"எங்க ஊர்ல சீர் வந்தா வீட்டுல ஒண்ணும் வச்சுக்க மாட்டோம். எல்லாத்தையும் பங்கு போட்டு, சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் குடுத்துருவோம். எத்தன வீட்டுக்குப் போகுதோ அத்தன மரியாதை. எடுத்து உள்ள வச்சுக்கிட்டா, பொண்ணு வீட்ட மதிக்கலன்னு அர்த்தம்."

என் மனசில் இருந்தது அதிரசமும் முறுக்கும். பாத்திரம், துணிமணி, சாமான் எல்லாம் பெண்ணோடுதான் இருக்கும், பலகாரம்தான் வீடு வீடாகப் போகும் என்பது எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். தெரிந்ததை யாராவது தனியாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்களா? அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எனக்கு அன்றைக்குத் திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, அதுவே நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

ருக்வத்தைப் பற்றிக் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் மராட்டிப் பெண்ணிடம் துருவித் துருவிக் கேட்டுவிட்டேன். பார்க்க மட்டும்தானா, பிறகு அந்தச் சாமானெல்லாம் எங்கே போகும்? "பொண்ணோட புது வீட்டுலதான் இருக்கும். ஷோகேஸ்ல வைப்பாங்க. எங்க அம்மாவோடது இன்னும் இருக்கு" என்றாள். சரி, மகள் கண்ணெதிரேயே இருக்கும் என்று நிம்மதியாகப் பின்ன உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரிந்தவரை பின்னினேன். கலசத்துக்குச் சிவப்பு உறை, வாசலுக்கு மஞ்சளும் பச்சையுமாகத் தோரணம், ஊதுபத்தி ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கும் வட்டம். மகள் ஆசைப்பட்டு ஒரு தோரணத்தின் இலையை வாங்கிப் பின்னினாள். அது இலையாக வராமல் காதாக வந்தது. "யானைக்கு ஆகும்டி" என்று சொன்னேன். அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பலகாரத்தில் முந்திரிக்கொத்துதான் முதல். அக்கா சொல்வது காதிலேயே இருந்தது: சிறுபயறை அவசரப்பட்டு வறுக்காதே, வாசனை வந்து, வாயில் போட்டால் கடுக்கென்று உடையவேண்டும். திரிக்கும்போது மாவாக்கிவிடாதே, மாவாக்கினால் உருண்டை கல்லாகிவிடும். வெல்லப் பாகைக் கையில் தொட்டு இழுத்தால் கம்பி வரவேண்டும். அதில் பயற்றுப் பொடி, வறுத்த தேங்காய், எள், ஏலக்காய், கொஞ்சம் சுக்கு. சூட்டோடு சூடாக உருண்டை பிடித்து ஆறவிட்டு, உப்பும் துளி மஞ்சளும் போட்டுக் கரைத்த அரிசி மாவில் மூன்று உருண்டையைச் சேர்த்து முக்கி எண்ணெயில் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேலே வரும். வாரக்கணக்கில் கெடாது. எங்கள் சொந்தத்தில் யார் கல்யாணம் என்றாலும் இதைச் செய்தவள் அக்காதான். மண்டபத்தின் பின்கட்டில் அடுப்புக்கு முன்னால் நிற்பாள். முன்னால் வரமாட்டாள். தாலி கட்டுகிற நேரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். விதவை எதிரே நிற்கக் கூடாது என்று யாரும் வாய்திறந்து சொன்னதில்லை, அவள் நிற்கவுமில்லை.

என் சாமான்களையெல்லாம் கட்டிலில் பரப்பிப் பார்த்தால் எனக்கே சப்பென்று இருந்தது. மகள் அலமாரியைத் திறந்து, அக்காவின் விரிப்பை எடுத்துவந்து நடுவில் விரித்தாள்.

"இது நடு டேபிள்ல இருக்கணும்மா."

"ஏட்டி, செத்தவங்க சாமானு. அதுவும்..." என்று இழுத்தேன்.

"அதுவும் என்ன? பெரியம்மா யாரு கல்யாணத்துலயாச்சும் முன்னாடி நின்னிருக்காங்களா? என் கல்யாணத்துல நடுவுல இருக்கட்டும்."

யாருடையது என்று யாரிடமும் சொல்லவேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது, ஆனாலும் சரி என்றாள்.

செம்பூர் மண்டபத்தில் ருக்வத் மேஜையைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். கஞ்சி போட்டுத் தேய்த்த விரிப்பு அன்னாசிப் பழங்களோடு நிமிர்ந்து நின்றது. அதன் நடுவில் கலசம், சுற்றிலும் முந்திரிக்கொத்தும் அதிரசமும் மனோகரமும். மராட்டிப் பெண்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். இதில் முந்திரி எங்கே என்று கொத்தை உடைத்துப் பார்த்துக் கேட்டார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா, வந்துட்டியா என்று மனசுக்குள் கேட்டேன். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

கல்யாணம் முடிந்து சில நாள் கழித்துச் செம்பூருக்குப் போனேன். சம்பந்தியம்மா வாசலுக்கே வந்து கட்டிக்கொண்டார்.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன். சத்யநாராயண பூஜைக்கு எல்லாரும் வந்திருந்தாங்களா, ஒவ்வொருத்தருக்கும் என் கையாலயே பையில போட்டுக் குடுத்தேன். ஒண்ணுகூட வீட்டுல வச்சுக்கல!"

நான் முந்திரிக்கொத்தைச் சொல்கிறார் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். தண்ணீர் குடித்துக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தேன். வாசலில் தோரணம் இல்லை. ஷோகேஸில் கலச உறை இல்லை. சாப்பாட்டு மேஜையில் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு.

"ருக்வத் சாமானெல்லாம்...?" என்றேன்.

"அதையும்தான்! எல்லாத்தையும் குடுத்துடணும்னு நீங்கதானே சொன்னீங்க? எங்க ஆளுங்க ஆச்சரியப்பட்டுப் போனாங்க. ருக்வத்தை யாராவது குடுப்பாங்களான்னு கேட்டாங்க. இது தமிழங்க முறை, எங்க மருமக வீட்டு மரியாதைன்னு சொன்னேன்."

"பெரிய வெள்ளை விரிப்பு?"

"அது சுனாபட்டில இருக்கற என் அக்காவுக்கு. இருக்கறதுலயே நல்லது அக்காவுக்குத்தானே போகணும்?"

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. அந்த அம்மாளின் முகத்தில் பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் சந்தோஷம். சிரித்தேன். "ரொம்ப நல்லது" என்று சொன்னேன். கோபப்பட ஆள் கிடைத்தாலாவது ஆறியிருக்கும். என் அக்கா உயிரோடு இருந்து, எனக்கு யாராவது அப்படியொரு விரிப்பைக் கொடுத்திருந்தால் நானும் அவளிடம்தானே முதலில் கொண்டுபோயிருப்பேன்? அந்த அம்மாளை எந்த வாயால் திட்டுவது?

மகள் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நான் பூஜையில உக்காந்திருந்தேன்மா. பை வாசலத் தாண்டிப் போறதப் பாத்துக்கிட்டே இருந்தேன். வந்த மறுநாளே எப்படிம்மா வாயத் தொறக்கிறது?" என்று அழுதாள். "நான் கேட்டு வாங்கிடறேன்."

"குடுத்த சீரத் திருப்பிக் கேக்கதா? நல்லாருக்கு! நாளைக்கு உன்ன என்னன்னு பேசுவாவ? அந்தம்மா தன் அக்கா முன்னால தலை குனிஞ்சு நிக்கணுமா? வாய மூடிட்டு இரி."

அழுதுகொண்டிருந்த பிள்ளையை அதட்டி வாயடைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து டீ குடித்தேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போனது போகட்டும், விடு" என்றார். அவருக்கு அது நூல். நான் தாதருக்குப் போய் அதே மாதிரி வெள்ளை நூல் வாங்கிவந்தேன். இதேபோல் இன்னொன்று பின்னி, எப்படியாவது பேசி, அதைக் கொடுத்து இதை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை. மகள் போனில் அனுப்பிய கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்துப் பின்னினேன். பூ வந்தது. இலையில் கண்ணி குறைந்து, விரிப்பு தட்டையாகப் படியாமல் கிண்ணமாக மேலே எழும்பியது. பிரித்துவிட்டுக் கூட்டிப் போட்டேன், சுருக்கம் வைத்த பாவாடை ஆகிவிட்டது. பிரித்தேன், பின்னினேன், பிரித்தேன். நூல் அழுக்கேறிப் போனதுதான் மிச்சம். கிளினிக்கில் ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "தொப்பியாம்மா?" என்று கேட்டார். அவரைக் கடித்துக் குதறிவிட்டேன், பாவம்.

பொங்கல் முடிந்த வாரம், சுனாபட்டி மாவ்ஷி வீட்டில் ஹல்தி குங்குமம் என்று அழைப்பு வந்தது. மாவ்ஷி என்றால் அம்மாவின் கூடப் பிறந்தவள். மாப்பிள்ளையும் என் மகளும் சம்பந்தியம்மாளின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சங்கராந்தியை ஒட்டிச் சுமங்கலிகளைக் கூப்பிட்டு மஞ்சள் குங்குமம் கொடுத்து, எள்ளுருண்டை தந்து, இனிப்பாகப் பேசுங்கள் என்று சொல்லி அனுப்புவது மராட்டியர் வழக்கம். போகாமல் இருக்க ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் விரிப்பைப் பார்க்கலாமே என்ற ஆசை என்னைத் தள்ளிக்கொண்டு போனது.

உள்ளே நுழைந்ததுமே பார்த்துவிட்டேன். கூடத்தின் நடு மேஜையில் விரித்திருந்தார்கள். அதன்மேல் பித்தளைத் தாம்பாளம், மஞ்சள் குங்குமக் கிண்ணம், எள்ளுருண்டை. ஒரு அன்னாசிப் பழத்தின் மேல் குங்குமம் சிந்தி, யாரோ தட்டிவிட்டதில் சிவப்பாகத் தீற்றியிருந்தது. தண்ணீரில் உடனே அலசினால் போகும், நின்றுவிட்டால் போகாது. எழுந்து போய் அலசிவிடலாமா என்று கை துடித்தது. யார் வீட்டில், யார் சாமானை?

சம்பந்தியம்மா எனக்கு முன்பே வந்திருந்தார். மகள் ஆபீஸிலிருந்து நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ஒரு பரபரப்பு இருந்தது. கூட்டத்தில் அவளைத் தனியாகக் கேட்க முடியவில்லை. வந்திருந்த பெண்கள் விரிப்பின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். மாவ்ஷிக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்க புது மருமக கையால பின்னினது. இந்தக் காலத்துப் பொண்ணு, ஆபீஸுக்கும் போயிட்டு இதையும் பின்னியிருக்கான்னா பாருங்க!" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அவளேதானே பின்னினா? நீங்க கை வைக்கலையே?"

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிரே சம்பந்தியம்மா, "அக்கா, அது வந்து..." என்று ஏதோ ஆரம்பித்தார். மகள் ஏதோ உளறி வைத்திருக்கிறாள், இங்கே எல்லார் முன்னாலும் கேள்வி வரப்போகிறது என்று தோன்றியது. கூடம் நிறையப் பூவும் பொட்டுமாகச் சுமங்கலிகள், நல்ல நாள். செத்துப்போன விதவை பின்னிய துணியை வைத்துப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தோம் என்று தெரிந்தால்? என் பிள்ளை இந்தக் குடும்பத்தில் காலமெல்லாம் வாழ வேண்டுமே! மகளின் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் முந்திக்கொண்டேன்.

"ஆமா ஆமா, எல்லாம் அவளேதான். நான் ஒரு கண்ணிகூடப் போடல. ஆபீஸ்லேருந்து வந்து உக்காந்து உக்காந்து பின்னினா."

கேட்டதற்கு மேலேயே சொன்னேன். சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துவந்து என் மகளின் இரண்டு கைகளையும் வருடி, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்து நெட்டி முறித்தார். "என் மருமக கைக்குத் திருஷ்டி பட்டுடும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. மாவ்ஷி எனக்குக் குங்குமம் வைத்து, ஒரு எள்ளுருண்டையைக் கையில் கொடுத்தார். அப்பாடா, தப்பித்தோம் என்று அதை வாயில் போட்டுக்கொண்டேன்.

மகள் என்னை ரயில் ஏற்றிவிட சுனாபட்டி ஸ்டேஷன் வரை வந்தாள். பிளாட்பாரத்துக்கு வந்த பிறகுதான் கேட்டாள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"பின்ன என்ன சொல்லச் சொல்லுத? உங்க பெரியம்மா சாமானுன்னு சொல்லி உன் வாழ்க்கையக் கெடுக்கணுமா?"

"காலையில அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்மா."

எனக்குப் புரியவில்லை. "என்னத்தச் சொன்ன?"

"பெரியம்மாவப் பத்தி. அவங்க என்ன வளத்தது, அவங்க பின்னினது, எல்லாத்தையும். அத்தை என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம், 'உன்ன வளத்தவங்க கை எப்படிம்மா அமங்கலமாகும், இத முதல்லயே சொல்லக் கூடாதா?'ன்னு அழுதுட்டாங்க. சாயங்காலம் எல்லார் முன்னாடியும் அவங்களே சொல்லி, மாவ்ஷிகிட்டேருந்து வாங்கி உன் கையில குடுக்கறதா இருந்தாங்க. உனக்குச் சொல்லாம வச்சிருந்தோம், சந்தோஷப்படுவேன்னு."

ரயில் வருவதாக அறிவிப்பு வந்தது. எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

"இப்பப் போய்ச் சொல்லுவோம், வாட்டி. நான் சொல்லுதேன்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எப்படிம்மா? அவ்வளவு பேர் முன்னாடி நீ பின்னிப் பின்னிச் சொல்லிட்ட. இப்ப மாத்திச் சொன்னா உன்னத்தானே பொய்க்காரின்னு சொல்லுவாங்க? வெளிய வரும்போது அத்தை சொல்லிட்டாங்க, இனிமே இதப் பத்தி யாரும் பேச வேண்டாம், உங்க அம்மாவுக்கு மரியாதைக் குறைச்சலா ஆயிடும்னு."

ரயில் வந்தது, ஏறினேன். அவள் கையசைத்தாளா என்று நான் பார்க்கவில்லை.

இது நடந்து அதிக நாள் ஆகவில்லை. சம்பந்தியம்மா எப்போதும்போலப் போன் பண்ணுகிறார், முந்திரிக்கொத்துக்குப் பக்குவம் கேட்கிறார், நானும் சொல்கிறேன். ஒரு வார்த்தை அதைப் பற்றி அவர் எடுப்பதில்லை. எடுத்துவிடமாட்டாரா என்று ஒவ்வொரு தடவையும் காத்திருக்கிறேன். மகளிடம் மாவ்ஷியின் பேத்திகள் பின்னக் கற்றுக்கொடுக்கும்படி கேட்கிறார்களாம், அவள் வேலை இருக்கிறது என்று சொல்லிச் சமாளிக்கிறாள். என்னிடம் அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

தாலி கட்டும்போது பின்கட்டில் நின்ற என் அக்காவைக் கூடத்துக்கு நடுவில் கூப்பிட்டு உட்காரவைக்க, அவளைப் பார்த்தேயிராத ஒரு மனுஷி தயாராக வந்திருந்தாள். நான் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். சுனாபட்டியில் அந்த விரிப்பைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அது என் மகள் பின்னியது. அக்கா ஒரு கண்ணிகூடப் போடவில்லை என்று ஊரறியச் சொன்னவள் அவள் கூடப் பிறந்த நான்.